மச்சானுக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஒரு கட்டி

தூத்துக்குடி
27 ஜனவரி 1947

சேசு மரி சூசை துணை.

மாப்பிள்ளை கயித்தானுக்குப் பவுல் எழுதுவது.

சுகம் விசாரிக்க இந்தக் கார்டை வாங்கவில்லை. கோபத்தில் வாங்கினேன். சனிக்கிழமை காலையில் சங்கு குளிக்கப் போகிற தோணி உமக்காகக் காத்துக் கிடந்தது. தோணி முதலாளி சம்மாட்டி என்னைப் பார்த்து, “ஏலே பவுலு, கயிறு இங்கன இருக்கு, எறங்குத ஆளு எங்கலே?” என்று கேட்கிறார். தோணியில் இருந்தவன் எல்லாம் சிரிக்கிறான். உம் வீட்டுக்கு ஓடினேன். நீர் விடியுமுன்னே மணப்பாட்டுக்கு, உம் அக்காள் பிளாரன்ஸ் வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டீராம்.

போகிறவர் பேசாமல் போயிருக்கலாம். முந்தின நாள் கரையில் எல்லார் முன்னாலும், “மச்சான், இனிமே ஒம்ம கையில நா எறங்கமாட்டேன், வேற ஆளுக்குக் கயிறு பிடியும்” என்றீரே, அதுதான் என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. குளியாளியின் கயிற்றைப் பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன் கையில் கொடுப்பது நம் கரையில் எதற்காக? தங்கச்சி தாலி அறுபட எந்த அண்ணனும் விடமாட்டான் என்றுதானே. மெட்டில்டாவை உமக்குக் கட்டிக் கொடுத்த நாள் முதல் உம் கயிற்றை வேறு எவன் தொட்டான்?

மூச்சு முட்டினால் நீர் கயிற்றை அசைக்க வேண்டும், நான் இழுக்க வேண்டும். அன்றைக்கு நீர் அடியில் இருந்தபோது கயிறு அசைந்த மாதிரி தோன்றியது. உடனே இழுத்தேன். மேலே வந்த உம் முகத்தில் ரத்தமே இல்லை. அதற்கு முன்னாலேயே அசைத்தீரா? எனக்குத்தான் தெரியாமல் போயிற்றா? படுத்தால் இதே யோசனை. மெட்டில்டா என் வீட்டில் உட்கார்ந்து அழுகிறாள். பதில் எழுதும்.

பவுல்


மணப்பாடு
1 பிப்ரவரி 1947

மச்சானுக்கு,

உம் கார்டு கிடைத்தது. தபால்காரர் முழுக்கப் படித்துவிட்டு, “மச்சான்கூட மனத்தாங்கலோ?” என்று விசாரித்த பிறகுதான் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அக்காள் படித்தாள். இனி எழுதுவதானால் கவரில் போட்டு ஒட்டி எழுதும். சண்டை போட்டாலும் மானமாகப் போடுவோம்.

உம் கையில் குறை ஒன்றுமில்லை. காரணம் வேறு. அதை யாரிடம் சொன்னாலும் உம்மிடம் சொல்ல முடியாது. உமக்குச் சொன்னால் மெட்டில்டாவுக்குப் போகும். அவளுக்குப் போனால் பனிமய மாதா கோவில் முற்றம் வரைக்கும் போகும்.

எழுத்து கோணலாக இருப்பதற்குக் குடி காரணம் என்று நினைக்க வேண்டாம். கவிழ்ந்து படுத்துக்கொண்டு எழுதுகிறேன். உட்கார முடியவில்லை. ஏன் என்று கேட்காதேயும். “ஏலே, ஸ்டூல் சும்மா கெடக்கு, நீ எதுக்கு நின்னுக்கிட்டே திங்க?” என்று அக்காள் கேட்டாள். நேர்த்திக்கடன் என்று சொல்லிவிட்டேன். எந்தப் புனிதருக்கு இப்படி ஒரு நேர்த்தி என்று அவள் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

மெட்டில்டாவிடம் நான் வலை வாங்க வந்திருக்கிறேன் என்று சொல்லும். இல்லை, வேண்டாம். அக்காளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லித்தான் புறப்பட்டேன். வலையைப் பற்றிப் பேச வேண்டாம். எதைப் பற்றியும் பேச வேண்டாம். எனக்கே எதுவும் விளங்காமல் இருக்கும்போது உமக்கு என்ன விளக்குவது?

கயித்தான்


தூத்துக்குடி
5 பிப்ரவரி 1947

கயித்தானுக்கு,

மாப்பிள்ளை என்று எழுதக் கை வரவில்லை. கவரில்தான் எழுதுகிறேன், பசையும் நிறையத் தடவியிருக்கிறேன்.

நாசுவர் செந்தில்வேலைக் கடைத்தெருவில் பார்த்தேன். அவர் சவரத்தோடு கட்டி கிழிப்பதும் உமக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். நீர் ஊரைவிட்டுப் போவதற்கு முன்னால் அவரிடம் போனீராமே? “கட்டிக்கு மருந்து கேட்டாரு அண்ணாச்சி. எங்கன கட்டின்னு கேட்டேன். இடுப்புக்குக் கீழேன்னாரு. பெறவு தொடைக்கு மேலேன்னாரு. காட்டும், பவுத்திரமா இருந்தா இப்பவே கீறிவிடுதேன்னு கத்திய எடுத்தேன், ஆளக் காணும்” என்று சொல்லிச் சிரிக்கிறார்.

இடுப்புக்குக் கீழே, தொடைக்கு மேலே, ஒரு ஆம்பிளை பெண்டாட்டிக்கும் மச்சானுக்கும் மறைக்கிற கட்டி என்ன கட்டி என்று தெரியாத அளவுக்கு நான் பச்சைப்பிள்ளை இல்லை. போன வருஷம் கொழும்புத் தோணியில் போய் வந்தீர். அங்கே எந்த வீட்டுப் படி ஏறினீர்? அந்த மேகநோயைக் கொண்டுவந்து என் தங்கச்சி பக்கத்தில் படுத்தீரா?

பனிமய மாதா மேல் ஆணையிட்டு உண்மையை எழுதும். எழுதாவிட்டால் மெட்டில்டாவைப் பெட்டியோடு என் வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவேன். உம் கயிறு என் வீட்டு ஆணியில் தொங்குகிறது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் வருகிறது. அழுகையும் வருகிறது, அதையும் எழுதிவிடுகிறேன்.

பவுல்


மணப்பாடு
9 பிப்ரவரி 1947

மச்சான்,

பனிமய மாதா மேல் ஆணை. எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை. கொழும்பில் நான் ஏறினது மெட்டில்டாவுக்குச் சேலை எடுத்த கடைப் படி ஒன்றுதான்.

கட்டி இருப்பது மலவாயில். வாசலை ஒட்டினாற்போல இடது பக்கம். எழுதிவிட்டேன். இதை எழுத ஒரு காலை நேரம் முழுக்கப் போயிற்று.

கிறிஸ்து பிறந்தநாள் பெருவிழா கழிந்த கொஞ்ச நாளில் ஆரம்பித்தது. முதலில் கொட்டைப்பாக்கு போல. சூட்டுக்கட்டி என்று நினைத்து விளக்கெண்ணெய் வைத்தேன். பெரிதாயிற்று. செந்தில்வேல் கத்தியைத் தீட்டினதும் ஓடி வந்துவிட்டேன். ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வைத்தியர் நாடியை மட்டும் பார்த்து, மூலம் என்றார். ஒருவர் பவுத்திரம் என்கிறார், ஒருவர் மூலம் என்கிறார், நீர் மேகம் என்கிறீர். கட்டி ஒன்று, பேர் மூன்று. அதைக் கண்ணால் பார்த்தவர் ஒருவரும் இல்லை. நானும் பார்க்கவில்லை, எப்படிப் பார்ப்பது?

அந்தக் கடைசி நாளில் அடியில் குனிந்து சங்கு பொறுக்கும்போது அங்கே ஏதோ விட்டுக்கொடுத்தது. கோவணத்திலிருந்து புகை போலச் சிவப்பாகத் தண்ணீரில் பரவிற்று. ரத்தம் படுகிற புண்ணோடு கடலில் இறங்கக் கூடாது, சுறா வரும், நம்மை மட்டுமல்ல, பக்கத்தில் இறங்குகிறவனையும் தின்னும் என்று படித்துப் படித்துச் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். நானே புண்ணோடு இறங்கிவிட்டேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

இனி இறங்கக் கூடாது. ஏன் இறங்கவில்லை என்று நீர் விடாமல் கேட்பீர். இறங்குமுன் என் கோவணக் கச்சையை இழுத்துப் பார்க்கிற ஆளும் நீர்தான். உம்மைத் தூர விரட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை. உமக்கு எது அதிகம் வலிக்குமோ அதைச் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. என் அப்பாவுக்கும் அந்த இடத்தில்தான் ரத்தம் போயிற்று. மூலம், மூலம் என்று எல்லாரும் சொன்னார்கள். மூலம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்போது பாதி ஆளாகக் கரைந்து செத்தார். எனக்கும் அதுதான் என்று பயப்படுகிறேன் மச்சான். கடலுக்கு அடியில்கூட இப்படிப் பயந்ததில்லை. மெட்டில்டாவிடம் சொல்லிவிடாதேயும்.

கயித்தான்


தூத்துக்குடி
13 பிப்ரவரி 1947

அருமை மாப்பிள்ளைக்கு,

உம் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் சிலுவை போட்டேன். பிறகு சிரித்தேன். பெண்டாட்டி பிள்ளைகள் பார்க்கிறார்கள் என்றும் பாராமல் சிரித்தேன். இந்தக் கட்டிக்கா இவ்வளவு பாடு? மேகம் என்று எழுதினதற்கு என்னை மன்னித்துக்கொள்ளும்.

வே, எனக்கும் இருக்கிறது. யுத்தம் தொடங்கின வருஷத்திலிருந்து இருக்கிறது. தோணியில் நான் உட்கார்ந்து நீர் என்றைக்காவது பார்த்திருக்கிறீரா? கயிறு பிடிக்கிறவன் நின்றால்தான் கவனம் இருக்கும் என்று ஊருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். உமக்கு நேர்த்திக்கடன், எனக்குக் கவனம்!

இது மூலம். மூலத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. நான் சொல்வதைச் செய்யும். அண்டாவில் பொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி, கொஞ்சம் உப்புப் போட்டு, காலையும் மாலையும் அதில் உட்காரும். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கி வைத்துக் கட்டும். கருணைக்கிழங்கு மசித்துச் சாப்பிடும். ரேஷனில் போடுகிற கோதுமை மாவைத் தொடாதேயும், அது வயிற்றுக்குள் சுண்ணாம்பாக இறுகிவிடுகிறது. வைத்தியனும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம்.

ரத்தத்தைக் கண்டும் பயப்பட வேண்டாம். எனக்கு அடிக்கடி போகிறது. முன்பெல்லாம் நல்ல சிவப்பாக மேலோடு போகும், இப்போது சில நாள் கறுத்து, மலத்தோடு கலந்து போகிறது. ஒரு வாரம் இறுக்கம், ஒரு வாரம் பேதி. அதற்கென்ன, இருக்கிறேன் அல்லவா? கொஞ்சம் மெலிந்திருக்கிறேன், பெல்ட்டுக்குப் புது ஓட்டை போட்டேன். கயிறு இழுத்தால் மூச்சு வாங்குகிறது. வயசாகிறது, வேறென்ன.

மெட்டில்டாவிடம் மூச்சு விடவில்லை. ஆனால் நான் கேட்டதற்கு நீர் பதில் எழுதவில்லை. அன்றைக்கு முன்னாலேயே கயிற்றை அசைத்தீரா, இல்லையா?

உம் மச்சான் பவுல்


மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்து
22 பிப்ரவரி 1947

மச்சானுக்கு,

உம் வைத்தியத்தைச் செய்தேன். அக்காள் நெல் அவிக்கிற அண்டாவை எடுத்துக்கொண்டு நான் கதவைச் சாத்திக்கொண்டது மணப்பாடு முழுக்கப் பேச்சாகிவிட்டது. வெந்நீரில் இருக்கிற மட்டும் சுகமாக இருந்தது. எழுந்தால் சம்மட்டியால் அடிக்கிற மாதிரி விண் விண் என்று தெறிக்கும். துத்தி இலை கட்டினேன், கட்டி இன்னும் சிவந்து கல்லாயிற்று. பிறகு குளிர்காய்ச்சல். பல் கிட்டிக் கிடந்த என்னை அக்காள் பார்த்துவிட்டாள். நேர்த்திக்கடன் அதோடு முடிந்தது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி, குப்புறப் போட்டு, இங்கே கொண்டுவந்தாள். வழியெல்லாம் எதிரே வந்தவர்கள் பிணமா ஆளா என்று கேட்டுக்கொண்டே போனார்கள்.

இங்கே டாக்டர் கிருபை என்று ஒருவர். குட்டையான மனிதர், முகத்தில் சிரிப்பே கிடையாது. ஒன்றும் கேட்பதற்கு முன்னால், “திரும்பிப் படும், பாக்கணும்” என்றார். வெட்கத்தில் செத்தேன். அவர் எத்தனையோ பார்த்தவர் போல, விளக்கைப் பிடித்துப் பார்த்து, “இது மூலமில்ல. சீழ்க்கட்டி. இதுக்கு எலையும் எண்ணெயும் கேக்காது, கீறணும்” என்றார். மயக்க மருந்து கொடுத்து அன்றைக்கே கீறினார்கள். வந்த சீழைப் பற்றி எழுதவில்லை. காய்ச்சல் அன்று மாலையே விட்டது. புண் உள்ளிருந்து ஆற வேண்டுமாம். அதே இடத்தில் மறுபடி கசிந்தால் உள்ளே வழி விழுந்திருக்கிறது, அதுதான் பவுத்திரம், உடனே வா என்றார். பார்த்தீரா, செந்தில்வேல் சொன்ன பேர்கூட முழுப் பொய்யில்லை. அந்தக் கத்திக்குத் தப்பினதற்கு மாதாவுக்கு மெழுகுவர்த்தி வைக்க வேண்டும்.

நீர் சொன்னதை அவரிடம் சொன்னேன். கோபம் வந்துவிட்டது. “அங்கன எது தடிச்சாலும் மூலம்ணு ஒரே பேர வச்சிருதீங்க” என்றார். மூலம் என்பது உள்ளே ரத்தக்குழாய் வீங்குவது, பெரும்பாலும் வலிக்காது, ரத்தம் பளிச்சென்று போகும். முக்கும்போது வாசலில் ஒரு குழாயில் ரத்தம் உறைந்து, நாவற்பழம் போல நீலமாகத் திடீரென்று புடைப்பதும் உண்டு. அது வலித்து வலித்துத் தானாகவே வற்றிவிடும், அதற்கு உம் வெந்நீர் போதும். வற்றின பிறகு தோல் மட்டும் தொங்கிக்கொண்டு நிற்கும், அதனால் கெடுதல் இல்லை. காய்ச்சலும் தெறிப்புமாக வருவது என்னுடையது. எல்லாம் கைக்கு ஒன்று போலத் தெரியும், கண்ணால் பார்த்தால்தான் வேறு வேறு.

மூலமும் நீலக்கட்டியும் நம் ஆட்களுக்கு அதிகம் வருவது ஏன் என்று கேட்டேன். “காலையில பச்சத்தண்ணி பல்லுல படாம எறங்குதீங்க. நாளெல்லாம் வெயில். கருவாடும் சோறும். கீரைன்னா பொம்பளைக்கும்பீங்க. மலம் கல்லா இறுகாம என்ன செய்யும்? பெறவு முக்குதீங்க. கயிறு இழுக்குதவனும் அதே முக்கல்தான்” என்றார். தண்ணீர் குடி, கீரையும் பழமும் தின்னு, வந்தால் அடக்காதே, உட்கார்ந்து முக்காதே, கழுவி ஈரமில்லாமல் வை. இவ்வளவுதான் அவர் மருந்து.

இப்போது முக்கியமானதை எழுதுகிறேன். கீறுவதற்கு முன்னால் என்னைச் சில கேள்வி கேட்டார். ரத்தம் கறுத்து, மலத்தோடு கலந்து போகிறதா? ஒரு வாரம் இறுக்கமும் ஒரு வாரம் பேதியுமா? உடம்பு மெலிந்ததா? மூச்சு வாங்குகிறதா? நான் எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று சொல்லிக்கொண்டே வந்தேன். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் உம் கடிதம் கண் முன்னே வந்தது மச்சான். பெல்ட்டு ஓட்டையும் வந்தது. தெரிந்தவர் ஒருவருக்கு இப்படி என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “மூலமாவும் இருக்கலாம், உள்ள வேற சதை வளத்தியாவும் இருக்கலாம். விரல விட்டுப் பாக்காம கடவுளுக்குத்தான் தெரியும். இங்கன வரச் சொல்லும்” என்றார்.

என் அப்பாவை யாரும் விரலை விட்டுப் பார்க்கவில்லை. உம் கால் பிடித்துக் கேட்கிறேன், வாரும்.

கயித்தான்


தூத்துக்குடி
26 பிப்ரவரி 1947

மாப்பிள்ளை,

நீர் பிழைத்ததற்குக் கோவிலில் மெழுகுவர்த்தி கொளுத்திவிட்டேன். தப்பான வைத்தியம் சொன்னதற்கு என்னைச் செருப்பால் அடியும். ஆனால் உம் கட்டி வேறு, என் கட்டி வேறு என்று நீர்தானே எழுதியிருக்கிறீர்? பின்னே உம் டாக்டர் எனக்கு எதற்கு?

என்னுடையது பழகின மூலம். ஏழெட்டு வருஷமாகக் கூடவே இருக்கிறது. இப்போது தபசு காலம். தோணி வேறு போய்க்கொண்டிருக்கிறது. ஒரு ஆம்பிளை இன்னொரு ஆம்பிளைக்கு முன்னால் குனிந்து, அவர் விரலை விட்டு, சீச்சீ, எழுதவே கூசுகிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உம் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. போகாமல் இருந்தால் இது மூலம்தான். போனால் என்னவாக இருக்குமோ தெரியாது. மூலமாகவே இருந்துவிட்டுப் போகட்டுமே? நேற்று போகலாம் என்று பஸ் நிற்கிற இடம் வரைக்கும் போனேன். பஸ் வந்தது. அதில் கூட்டம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பிவிட்டேன். கூட்டமே இல்லை. பாஸ்குப் பண்டிகை கழியட்டும், பார்ப்போம். இனி இதைப் பற்றி எழுத வேண்டாம்.

பவுல்


மிஷன் ஆஸ்பத்திரி
1 மார்ச் 1947

மச்சான்,

அடியில் இருக்கிறவன் தனக்கு மூச்சு இருக்கிறதா என்று தானே முடிவு செய்யக் கூடாது, மேலே கயிறு பிடிக்கிறவன்தான் முடிவு செய்ய வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தந்தவர் நீர். இப்போது நீர்தான் அடியில் இருக்கிறீர். நான் இழுத்துவிட்டேன்.

மெட்டில்டாவுக்கு எல்லாம் எழுதிவிட்டேன். என்னுடையதும் உம்முடையதும். இந்தக் கடிதம் உம் கைக்கு வருகிறபோது அவள் உம் வாசலில் நிற்பாள். ஒளிய வேண்டாம், அவளிடம் ஒளிந்து பலனில்லை. திட்டுவதை எல்லாம் சேர்த்து வைத்திரும். நேரில் வாங்கிக்கொள்கிறேன்.

கயித்தான்


தூத்துக்குடி
10 மார்ச் 1947

மாப்பிள்ளைக்கு,

சேர்த்து வைத்த திட்டை முதலில் எழுத நினைத்தேன். பாதி மறந்துவிட்டது.

மெட்டில்டா விடிகிற நேரத்தில் வந்து நின்றாள். கையில் குடை. “யண்ணே, கெளம்பு” என்றாள். எங்கே என்று கேட்டேன். “ஒனக்குத் தெரியும்” என்றாள். வேட்டி மாற்றக்கூட உள்ளே விடவில்லை, பின்வாசல் வழியாகப் போய்விடுவேனாம். உம் டாக்டரிடம் அவ்வளவு தூரம் போக முடியாது என்று சொல்லி இங்கேயே கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். சர்ஜன் பார்த்தார். விரலும் விட்டார், குழாயும் விட்டார். சுவரில் ஒரு பல்லி இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூச்சம் ஒரு நிமிஷம்தான். அந்த ஒரு நிமிஷத்துக்குப் பயந்து எத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வாசலில் மூலம் இருப்பது நிஜம். ஆனால் ரத்தம் அதிலிருந்து மட்டும் போகவில்லையாம். அதற்கு மேலே காம்பு வைத்து ஒரு சதை வளர்ந்திருக்கிறது. மறுநாளே அறுத்து எடுத்தார்கள். சீசாவில் போட்டு, சோதித்துப் பார்க்கச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள். என் கண்ணுக்கு நல்லதாகத்தான் தெரிகிறது, விட்டிருந்தால் கெட்டதாகியிருக்கும் என்றார் சர்ஜன். சென்னையிலிருந்து பதில் வர வேண்டும். பதில் எப்படி வந்தாலும், போகாமல் இருந்ததைவிட இப்போது நெஞ்சு லேசாக இருக்கிறது. இது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

கட்டிலில் கிடக்கும்போது மெட்டில்டாவிடம், உன் மாப்பிள்ளை மறைத்ததற்கு அவரைத் திட்டாதே என்றேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா? “அவுக கோவணத்தைத் துவைக்குதவ நானு. ஒந்துணியையும் மதினிக்கு முடியாதப்ப நாந்தான் துவைக்கேன். ரத்தக்கறை எனக்குத் தெரியாதா? ஆம்பிளைய மானம் போயிருமேன்னு நானும் வாயத் தொறக்கல. அதுக்குத்தான் அழுதேன்” என்றாள். அவள் அழுதது நம் சண்டைக்காக என்று நான் நினைத்திருந்தேன். மூன்று பேருக்கும் தெரிந்த சங்கதியை மூன்று பேரும் மூன்று பேருக்கும் மறைத்திருக்கிறோம்.

கயிறு இழுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். உம் புண்ணும் ஆற வேண்டும். இந்த வருஷக் குளிப்பு நமக்கு இல்லை. வேறொருவன் கயிற்றைக் கேட்டு வந்தான், கொடுக்கவில்லை. ஆணியில்தான் தொங்குகிறது.

எல்லாவற்றுக்கும் பதில் எழுதினீர். ஒன்றுக்கு மட்டும் இன்னும் எழுதவில்லை. அன்றைக்கு எத்தனை தரம் அசைத்தீர்? என் கை பிந்தியிருந்தால் அதையும் சொல்லிவிடும். எதையும் தாங்கிக்கொள்வேன், தெரியாமல் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை.

பவுல்


மணப்பாடு
13 மார்ச் 1947

மச்சான்,

ஒரு தரம்கூட அசைக்கவில்லை. சிவப்பைக் கண்டதும் கை கால் விறைத்துவிட்டது, கயிறு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. இதைச் சொன்னால் ஏன் விறைத்தது என்று கேட்பீர் என்றுதான் இத்தனை நாளும் சொல்லவில்லை.

நீராகத்தான் இழுத்தீர்.

திங்கட்கிழமை பஸ்ஸில் வருகிறேன். இப்போது உட்கார முடிகிறது.

கயித்தான்